சருகுக்கடியில் ஒளிரும் புழு மின்மினிதானா? வளர்க்கலாமா, அப்படியே விட்டுவிடலாமா?

வேலியோரம்:

வணக்கம். தோட்டத்து மூலையில் குவிந்துகிடக்கும் சருகைக் கிளறினால் தட்டையான கருப்புப் புழு ஒன்று அடிக்கடி தென்படுகிறது. ஒன்றரை சென்டிமீட்டர் நீளம் இருக்கும். உடம்பு முழுக்கத் தகடு தகடாக அடுக்கியிருக்கிறது. இருட்டில் லேசாகத் தொட்டால் வால் பக்கம் பச்சையாக இரண்டு புள்ளி ஒளிர்ந்து, சில நொடியில் மங்கிவிடுகிறது. பருவம் வந்தால் அதே இடத்தில் மின்மினிகள் பறக்கும். இந்த முறை அவை கண்ணுக்குத் தெரிந்தே குறைவு.

இந்தப் புழு மின்மினியாக மாறுமா, மாற எவ்வளவு காலம் ஆகும்? பெட்டியில் வைத்து வளர்த்துப் பிள்ளைகளுக்கு முழுச் சுழற்சியையும் காட்ட முடியுமா? எண்ணிக்கை குறைந்ததற்கு விளக்கு வெளிச்சம்தான் காரணமா? வேறு இடத்திலிருந்து கொஞ்சம் மின்மினிகளைப் பிடித்துவந்து விட்டால் பெருகுமா? தொந்தரவு இல்லாமல் இரவில் பார்க்கவும் படம் எடுக்கவும் என்ன வழி? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சருகுமேடு:

நீங்கள் சொன்ன அடையாளம் எல்லாமே மின்மினிப் புழுவுக்குப் பொருந்துகிறது. சந்தேகம் தீர, ஒரு வெள்ளைத் தட்டில் விட்டு உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பாருங்கள். தலைக்குப் பின்னால் மூன்று இணைக் கால்கள் மட்டும் இருக்க வேண்டும். மரவட்டை என்றால் உடம்பு நெடுகக் கால் இருக்கும். தலை மிகச் சிறியது. சீண்டினால் முதல் தகட்டுக்கு அடியில் இழுத்துக்கொள்ளும். நடக்கும்போது வால்நுனியை மண்ணில் ஊன்றி உடம்பை முன்னே தள்ளும். அந்த நுனியிலிருந்து மெல்லிய விரல்கள்போலச் சில இழைகள் வெளிவருவதைக் கவனியுங்கள். நத்தையின் வழுவழுப்பு முகத்தில் அப்பிக்கொண்டால், புழு வாலை முன்னால் வளைத்து அந்த இழைகளால் தலையையும் கால்களையும் துடைத்துக்கொள்ளும். பார்க்க அத்தனை அழகாக இருக்கும். விளக்கு இருப்பது வயிற்றின் எட்டாவது கணுவில், பக்கத்துக்கு ஒன்று.

மின்மினி ஒரு வண்டு. லாம்பிரிடே என்ற குடும்பம், 2,000-க்கும் மேற்பட்ட இனங்கள். எல்லா வண்டுக்கும் உள்ளபடி முட்டை, புழு, கூட்டுப்புழு, வண்டு என்று நான்கு நிலை. ஆனால் அதன் ஆயுளில் பெரும்பங்கைப் புழுப் பருவமே எடுத்துக்கொள்கிறது. பறக்கும் மின்மினியை மட்டும் பார்த்துப் பழகியவர்கள் தவறவிடுவது இதைத்தான்.

இணைசேர்ந்த பெண் ஈரமண்ணிலோ, பாசியிலோ, சருகுக்கு அடியிலோ முட்டையிடும். வெளிர்மஞ்சள் நிறம், ஒரு மில்லிமீட்டர் அளவில் சின்ன உருண்டை. இனத்தைப் பொறுத்துச் சில டஜனிலிருந்து சில நூறு வரை இடும். பல இனங்களில் முட்டையே மங்கலாக ஒளிரும். இரண்டு முதல் நான்கு வாரத்தில் பொரிந்துவிடும். குளிர் கூடினால் தாமதமாகும். இந்த நாட்களில் மேல்மண் ஒரே ஒரு தடவை நன்றாகக் காய்ந்துவிட்டாலும் முட்டை சுருங்கி வீணாகிவிடும்.

பொரிந்த புழு அன்றிலிருந்தே வேட்டைக்காரன். நத்தை, ஓடில்லாத நத்தை, மண்புழு, இவைதான் பெரும்பாலான இனங்களுக்கு இரை. நத்தை போன வழியில் கிடக்கும் வழுவழுப்புத் தடத்தை மோந்துகொண்டே பின்தொடரும். தாடைகள் வளைந்து கூரானவை, அவற்றின் உள்ளே நுண்ணிய குழல் ஓடுகிறது. கடித்ததும் அந்தக் குழல் வழியாக இரையைச் செயலிழக்கச் செய்யும் நீரும் செரிமான நீரும் இறங்கும். நத்தையின் சதை உடம்புக்கு வெளியிலேயே கரைந்து கூழாகும். புழு அதை உறிஞ்சிக் குடிக்கும். தன்னைவிடப் பல மடங்கு பெரிய நத்தையைக்கூட இப்படி வீழ்த்திவிடும். சின்னப் புழுக்கள் சில வேளை நாலைந்தாகச் சேர்ந்து ஒரே நத்தையில் தின்னும்.

வளர வளரத் தோலுரிக்கும், பொதுவாக நான்கிலிருந்து ஏழு முறை. உரித்த கையோடு புழு வெள்ளை வெளேரென்று மென்மையாக இருக்கும், சில மணி நேரத்தில் கருக்கும். கதகதப்பான இடங்களில் சில மாதத்திலிருந்து ஓராண்டு வரை புழுவாக இருக்கும். குளிர்நாடுகளில் இரண்டு, சில இனங்களில் மூன்று ஆண்டும் ஆகலாம். கடுங்குளிரிலும் கடும் வறட்சியிலும் மண்ணுக்குள் இறங்கி அசையாமல் கிடக்கும்.

முழுதாக வளர்ந்த புழு இரை எடுப்பதை நிறுத்திவிடும். ஈரமண்ணில் சில சென்டிமீட்டர் ஆழத்தில் தன் உடம்பு கொள்ளும் அளவுக்கு ஓர் அறை குடைந்து அதற்குள் கூட்டுப்புழுவாகும். மட்கிய மரத்துக்குள் இதைச் செய்யும் இனங்களும் உண்டு. ஒன்று முதல் மூன்று வாரம் இந்த நிலை. வெளுத்த உடம்பில் கால், உணர்கொம்பு, இறக்கை மடிப்பு எல்லாம் தனித்தனியாகத் தெரியும். புழுவின் வால்விளக்கு இங்கே முடிவுக்கு வந்து, வண்டுக்கான பெரிய விளக்கு வயிற்றின் அடியில் புதிதாக உருவாகிறது. கூட்டை விட்டு வந்த வண்டுக்கு இன்னும் இரண்டிலிருந்து நான்கு வாரம்தான் ஆயுள். பல இனங்கள் அந்த நாட்களில் எதையும் தின்பதில்லை. புழுவாக இருந்தபோது சேர்த்த கொழுப்பில்தான் பறத்தல், ஒளிர்தல், முட்டையிடுதல் அனைத்தும்.

உங்கள் மூன்றாவது கேள்விக்குப் பாதி விடை இதிலேயே இருக்கிறது. இந்தப் பருவத்தில் எத்தனை பறந்தன என்பது, போன ஆண்டோ அதற்கு முந்தைய ஆண்டோ அந்த மண்ணில் எவ்வளவு ஈரமும் நத்தையும் இருந்தன என்பதைப் பொறுத்தது. அப்போது மூலையைக் கொத்தினீர்களா, சருகை எரித்தீர்களா, நத்தை மருந்து போட்டீர்களா, நீண்ட வறட்சி இருந்ததா என்று யோசித்துப் பாருங்கள். இந்த ஆண்டு செய்ததன் பலன் அடுத்த ஆண்டில்தான் தெரியும்.

ஒன்றரை சென்டிமீட்டரை வைத்து மட்டும் வயதைக் கணிக்க முடியாது. சில இனத்தில் அது முழுவளர்ச்சி, வேறு இனத்தில் புழு ஐந்து சென்டிமீட்டர் வரை வளரும். இரண்டு மூன்று வாரமாக அளவு மாறாமல், இரையையும் தொடாமல் இருந்தால் கூட்டுப்புழுவாகப் போகிறது என்று பொருள்.

நத்தைக்கூடு:

வளர்ப்பது பற்றி. முடியும். ஆனால் வளர்ந்த புழு இரண்டு அல்லது மூன்று போதும், அதற்கு மேல் எடுக்காதீர்கள். முட்டையிலிருந்து தொடங்குவது புதியவர்களுக்கு வேண்டாம்; பொரிந்த குஞ்சுப் புழுவுக்குத் தினமும் பொடி நத்தை தேடிக் கட்டுப்படியாகாது.

20 சென்டிமீட்டர் நீளம், 15 அகலம், 10 உயரம் உள்ள கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் டப்பா எடுத்துக்கொள்ளுங்கள். மூடியில் குண்டூசியால் ஏழெட்டுத் துளை போதும். துளை அதிகமானால் ஈரம் ஓடிவிடும். புழு கிடைத்த இடத்து மண் இரண்டு பங்கு, மட்கிய சருகு ஒரு பங்கு கலந்து, 6 முதல் 8 சென்டிமீட்டர் உயரத்துக்கு நிரப்புங்கள். ஒரு கைப்பிடி மண்ணை இறுக்கிப் பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், விரலிடுக்கில் தண்ணீர் கசியக் கூடாது. ஈரப்பதத்துக்கு இதைவிட நல்ல அளவுகோல் இல்லை. மேலே கொஞ்சம் பாசி, இரண்டு மூன்று சருகு, ஒரு துண்டு மரப்பட்டை. புழு பகலில் பட்டைக்கு அடியில்தான் இருக்கும்.

வாரம் இருமுறை இரை. புழு அளவோ அதைவிடச் சிறிதோ உள்ள நத்தை ஒன்று. நத்தை கிடைக்காத நாளில் ஒரு சென்டிமீட்டர் மண்புழுத் துண்டு. சாயங்காலம் வையுங்கள், மறுநாள் காலையில் மிச்சத்தை இடுக்கியால் எடுத்துவிடுங்கள். மருந்து தெளித்த தோட்டத்து நத்தையைக் கொடுக்கவே கூடாது. அதன் உடம்பில் உள்ளது நேரே புழுவுக்குப் போகும். தெளிக்கும் தண்ணீரில் குளோரின் இருந்தால் ஓர் இரவு அகன்ற பாத்திரத்தில் திறந்து வைத்துவிட்டுப் பயன்படுத்துங்கள். டப்பா 20 முதல் 26 டிகிரிக்குள், வெயில் படாத இடத்தில் இருக்கட்டும். இரவில் அறை விளக்கு அதன்மேல் படக் கூடாது.

கெட்டுப்போகும் விதங்கள் மூன்று. முதலாவது மண் காய்வது; குளிரூட்டிய அறையில் இரண்டே நாளில் காய்ந்து புழு சுருண்டுவிடும். தண்ணீரை அள்ளி ஊற்றுவது இதற்கு நேர் எதிர்: பூஞ்சை வெள்ளையாகப் படரும், கூட்டுப்புழு அறைக்குள் நீர் நின்று அழுகிவிடும். பூஞ்சை தெரிந்த உடனே அந்த மண்ணைக் கரண்டியால் வழித்தெடுத்து, மூடியை ஓர் இரவு லேசாகத் திறந்து வையுங்கள். மூன்றாவது, பெரும்பாலும் பிள்ளைகள் செய்வது: என்ன ஆச்சு என்று தோண்டிப் பார்ப்பது. கூட்டுப்புழு அறையின் சுவர் வெறும் மண்தான். ஒருமுறை இடிந்தால் அது தானாகத் திரும்பக் கட்ட முடியாது. நசுங்கிய இறக்கையோடுதான் வண்டு வரும்.

தோண்டாமல் பார்க்க ஒரு வழி இருக்கிறது. டப்பாவின் நான்கு பக்கமும் வெளியே கருப்புக் காகிதம் ஒட்டிவிடுங்கள். சுவர் ஓரம் இருட்டாக இருப்பதால் புழு பல நேரம் அதை ஒட்டியே அறை குடையும். காகிதத்தைத் தூக்கினால் உள்ளே இருப்பது ஜன்னலில் தெரிவதுபோல் தெரியும். அரை நிமிடம் பார்த்துவிட்டு மூடிவிடுங்கள். இருட்டில் பார்த்தால் கூட்டுப்புழுவும் மங்கலாக ஒளிர்வதைக் காணலாம். பிள்ளைகள் மறக்க மாட்டார்கள்.

தோலுரித்த புழுவுக்குப் பக்கத்தில் பசித்த புழு இருந்தால் கடித்துவிடக் கூடும், ஆகவே இரை வைக்கும் நாளைத் தள்ளிப்போடாதீர்கள். வண்டு வெளிவந்து, இறக்கை உறை இறுகியதும் அன்று இரவே எடுத்த இடத்திலேயே விட்டுவிடுங்கள். அதற்கு இருக்கும் இரண்டு மூன்று வாரத்தில் ஒரு நாள் டப்பாவில் போனாலும் பெரிய இழப்பு.

சில இனங்களின் பெண் வண்டுக்கு இறக்கையே வராது. ஐரோப்பாவில் பரவலாக உள்ள லாம்பைரிஸ் நாக்டிலூகா அப்படித்தான்: பெண் பார்ப்பதற்குப் பெரிய புழு மாதிரியே இருக்கும், புல்லில் ஏறி வயிற்றைத் திருப்பிப் பிடித்து விடாமல் ஒளிரும், ஆண் மட்டும் பறந்து வரும். டப்பாவில் "புழுவாகவே நின்றுவிட்டது" என்று நினைத்து யாராவது இரை வைத்துக் காத்திருந்தால், அது முட்டைக்குத் தயாரான பெண்ணாக இருக்கலாம்.

இருட்டுக்கண்:

பார்ப்பது பற்றி நான் சொல்கிறேன்.

சூரியன் மறைந்த 20 நிமிடத்துக்குள் இடத்துக்குப் போய் உட்கார்ந்துவிடுங்கள். கண் இருட்டுக்கு முழுதாகப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும். நடுவில் ஒரே ஒரு தடவை போன் திரையைப் பார்த்தாலும் மறுபடி முதலிலிருந்து. காற்று அடங்கிய, புழுக்கமான, முந்தின நாள் மழை பெய்து மண் ஈரமாக உள்ள இரவு சிறந்தது. முழுநிலவு அன்று குறைவாகத்தான் தெரியும். கொட்டும் மழையிலும் குளிர்காற்றிலும் வீட்டிலேயே இருக்கலாம்.

டார்ச் தேவையென்றால் சிவப்பு. மின்மினியின் கண்ணுக்குச் சிவப்பு மிகக் குறைவாகத்தான் தெரியும். வெள்ளை எல்ஈடி மேல் சிவப்பு செலோபேன் தாளை ஒரு சுற்று சுற்றினால் போதாது, மற்ற நிறங்களும் கசியும். மூன்று நான்கு மடிப்பாக வைத்துக் கட்டி, எப்போதும் தரையை நோக்கியே பிடியுங்கள். நடைபாதையை விட்டு இறங்காதீர்கள். பறப்பவை பெரும்பாலும் ஆண்கள். பெண்கள் புல்நுனியிலும் தரையிலும் இருக்கும், புழுக்கள் சருகில் இருக்கும். உங்கள் கால் படும் இடத்தில்தான் அடுத்த தலைமுறை.

இப்போது மின்மினி விட்டுவிட்டு மின்னுவதைக் கவனியுங்கள். வெறுமனே ரசிக்கலாம்தான், ஆனால் ஸ்டாப்வாட்சோடு ரசித்தால் ரசனை பத்து மடங்காகும். ஒவ்வொரு இனத்துக்கும் தனித் தாளம். வட அமெரிக்காவின் ஃபோட்டினஸ் பைராலிஸ் ஆண், அந்தியில் தாழப் பறந்து, மேல்நோக்கி எழும்போது ஒரு வளைவாக ஒளிவிடும். இருபத்து சொச்சம் டிகிரி வெப்பத்தில் ஏறக்குறைய ஆறு நொடிக்கு ஒருமுறை. புல்லில் உட்கார்ந்திருக்கும் பெண் அதைப் பார்த்து, சுமார் இரண்டு நொடி கழித்து ஒரே ஒரு பதில் மின்னல் கொடுக்கும். அந்த இரண்டு நொடி இடைவெளிதான் "நான் உன் இனம்" என்பதற்கு அடையாளம். ஆண் அந்தப் பக்கம் திரும்பும், மறுபடி கேட்கும், மறுபடி பதில் வரும். இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாக நெருங்கும். வெப்பம் குறைந்தால் தாளம் மெதுவாகும், கூடினால் வேகமாகும். அதனால் நேரத்தைக் குறிக்கும்போது வெப்பநிலையையும் எழுதிவையுங்கள். இல்லாவிட்டால் இரண்டு இரவுக் கணக்கை ஒப்பிட முடியாது.

இந்தப் பதில் மொழியைச் சோதித்தும் பார்க்கலாம். சின்ன எல்ஈடியை விரலால் மூடி மங்கலாக்கி, தரையோடு தரையாகப் பிடித்து, ஆண் மின்னி அந்த இனத்துக்குரிய இடைவெளி கழிந்ததும் அரை நொடி காட்டினால், பல நேரம் ஆண் இறங்கி வந்துவிடும். ஓர் இரவில் ஓரிரு முறைக்கு மேல் செய்யாதீர்கள். அதன் நேரம் விலைமதிப்பற்றது.

இதே தந்திரத்தைக் கொலைக்குப் பயன்படுத்தும் மின்மினியும் உண்டு. ஃபோட்டூரிஸ் என்ற மின்மினி வகையின் பெண்கள் வேறு இனப் பெண்ணின் பதிலை அப்படியே போலிசெய்து, வரும் ஆணைப் பிடித்துத் தின்றுவிடும். பூச்சியியலாளர் ஜேம்ஸ் லாய்ட் 1965-இல் இதை விவரித்தார். தின்பது பசிக்காக மட்டுமல்ல. ஃபோட்டினஸ் உடம்பில் உள்ள லூசிபுஃபாஜின் என்ற நச்சு ஃபோட்டூரிஸிடம் போதிய அளவில் கிடையாது, இரையிலிருந்து அதைப் பெற்றுத் தன்னைச் சிலந்திகளிடமிருந்து காத்துக்கொள்கிறது.

எல்லாம் ஒரே நேரத்தில் மின்னும் இனங்களும் உள்ளன. தென்கிழக்காசியச் சதுப்புநிலக் காடுகளின் ஆற்றோரங்களில் டெரோப்டிக்ஸ் என்ற வகை மின்மினியின் ஆண்கள் ஒரே மரத்தில் ஆயிரக்கணக்கில் கூடி ஒத்த தாளத்தில் ஒளிரும். அமெரிக்காவின் கிரேட் ஸ்மோக்கி மலையில் ஃபோட்டினஸ் கரோலினஸ் ஐந்து முதல் எட்டு மின்னல் வரிசையாகக் கொடுத்துவிட்டு, சுமார் எட்டு நொடி காடு முழுக்க இருட்டாகும்படி நிறுத்தும். அந்த இடைவெளி எதற்கென்றால், பெண்ணின் மங்கலான பதில் அப்போதுதான் ஆணின் கண்ணில் படும்.

ஆண், பெண் வித்தியாசம் பார்க்க: புல்லில் உட்கார்ந்த ஒன்றை மெதுவாகக் கண்ணாடிக் குவளையால் மூடி, அடிப்பக்கத்திலிருந்து நோக்குங்கள். பறக்கும் பொது இனங்கள் பலவற்றில் ஆணுக்கு வயிற்றின் இரண்டு கணுக்கள் முழுக்க வெளிறிய விளக்கு, பெண்ணுக்கு ஒரு கணு மட்டும். மேலிருந்து பார்த்தால் தலை தெரியாது. மார்புத் தகடு கூரையாக முன்னால் நீண்டு மூடியிருக்கும். ஆணின் கண்கள் மிகப் பெரியவை, அடியிலிருந்து பார்த்தால் தலை முழுக்கக் கண்தான்.

அந்த வெளிறிய கணுவுக்குள் இரண்டு அடுக்கு. வெளி அடுக்கில் ஒளி தரும் செல்கள், உள் அடுக்கில் யூரிக் அமிலத் துகள்களால் ஆன வெள்ளைப் பின்திரை. ஒளி உடம்புக்குள் போய் வீணாகாமல் வெளியே திருப்பி அனுப்புவது இதன் வேலை. லூசிஃபெரின் என்ற பொருள், லூசிஃபெரேஸ் என்ற நொதி, செல்லுக்கு ஆற்றல் தரும் ஏடிபி, மக்னீசியம், ஆக்சிஜன், இத்தனையும் சேர்ந்தால் ஒளி. ஏடிபி வேண்டும் என்பதை 1947-இல் உயிர்வேதியியலாளர் வில்லியம் மெக்எல்ராய் காட்டினார். வெப்பமாக வீணாவது மிகக் குறைவு என்பதால்தான் கையில் வைத்தால் சுடுவதில்லை. நரம்பிலிருந்து கட்டளை வந்ததும் நைட்ரிக் ஆக்சைடு வெளியாகி, ஒளி செல்லுக்கு ஆக்சிஜன் போக வழிவிடுகிறது என்று 2001-இல் கண்டறிந்தார்கள். புழுவுக்கு இந்த வேகக் கட்டுப்பாடு இல்லை, அதனால்தான் உங்கள் புழுவின் விளக்கு மெதுவாக ஏறி மெதுவாக மங்குகிறது. அது யாரையும் அழைப்பதற்கும் அல்ல. "நான் கசப்பு, தின்னாதே" என்று தேரைக்கும் தவளைக்கும் சொல்லும் எச்சரிக்கை.

வேலியோரம்:

இவ்வளவு விவரம் எதிர்பார்க்கவில்லை, மிக்க நன்றி. வாசல் விளக்கு வெள்ளை எல்ஈடி. அதை மஞ்சளாக மாற்றினால் சரியாகிவிடும் என்கிறார்கள், உண்மையா? போன ஆண்டு கீரைப் பாத்தியில் நத்தை மருந்து உருண்டைகள் போட்டது இப்போதுதான் உறைக்கிறது. கொசு மருந்தும் மாலையில் அடிப்பதுண்டு.

சருகுமேடு:

மஞ்சள் விளக்கு விட்டில்களுக்கு உதவும், ஏனெனில் அவற்றைக் கவர்வது நீலமும் புறஊதாவும். மின்மினி அப்படியில்லை. அதன் ஒளியே பச்சைக்கும் மஞ்சளுக்கும் இடைப்பட்டது, அதன் கண்ணும் அதே நிறத்துக்கு இசைந்தது. அந்தியில் பறக்கும் இனங்களின் ஒளி மஞ்சளாகவும், நன்றாக இருட்டியபின் பறப்பவற்றின் ஒளி பச்சையாகவும் இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். அந்தியில் இலைகளிலிருந்து வரும் பச்சை வெளிச்சத்துக்கு நடுவே மஞ்சள்தான் எடுப்பாகத் தெரியும். ஆகவே மஞ்சள் விளக்கு போட்டால் மின்மினியின் கண்ணுக்கு மிக நன்றாகத் தெரியும் நிறத்திலேயே இடைஞ்சல் செய்கிறோம். பறக்கும் பருவத்தில் சூரியன் மறைந்து மூன்று மணி நேரம் அணைத்துவிடுவதுதான் முதல் தீர்வு. முடியாதென்றால் ஆள் வந்தால் மட்டும் எரியும் சென்சார், மேலேயும் பக்கவாட்டிலும் வெளிச்சம் கசியாத மறைப்பு, மங்கலான சிவப்பு பல்பு. ஜன்னல் திரையையும் இழுத்துவிடுங்கள். வெளிச்சத்தில் ஆண் செத்துப்போவதில்லை, பெண்ணின் பதிலைப் பார்க்க முடியாமல் போகிறது. இணை சேராமலே பருவம் முடிந்துவிடுகிறது.

நத்தை உருண்டை மெட்டால்டிஹைடு என்ற நத்தைக்கொல்லி கலந்ததாக இருந்தால், இரையே இல்லாமல் போயிருக்கும். அடுத்த முறை பாத்தியைச் சுற்றி ஈரச் சாக்கு விரித்து, காலையில் அடியில் ஒட்டியிருக்கும் நத்தையைப் பொறுக்கி அந்த மூலையில் போடுங்கள். கீரையும் பிழைக்கும், புழுவுக்கும் தீனி. இமிடாகுளோபிரிட் போன்ற மருந்து பூசிய விதையையும் தவிருங்கள், அது மண்ணில் மாதக்கணக்கில் தங்கும். மாலையில் அடிக்கும் கொசுப் புகை, அந்த நேரத்தில் பறக்கும் மின்மினியை நேரடியாகத் தாக்கும். தேங்கிய நீரைக் கொட்டுங்கள். கொட்ட முடியாத தொட்டியில் பிடிஐ எனப்படும் பாக்டீரியா மருந்து போடுங்கள். அது கொசுப் புழுவையும் அதன் நெருங்கிய உறவுகளையும் மட்டுமே கொல்லும்.

மூலைக்கு இனி செய்ய வேண்டியது கொஞ்சம்தான். வேலி ஓரம் ஒரு மீட்டர் அகலத்துக்குக் கொத்தாமல், மிதிக்காமல் விடுங்கள். சருகு பத்து சென்டிமீட்டர் கனத்துக்கு இருக்கட்டும். மட்கும் மரத்துண்டு இரண்டை மண்ணில் பாதி பதித்து வையுங்கள், வறண்ட வாரங்களில் அதைச் சுற்றி நீர் விடுங்கள். புல்லை வெட்டினால் பகலில், பத்து சென்டிமீட்டருக்குக் குறையாமல்.

வெளியிலிருந்து கொண்டுவந்து விடும் யோசனையைக் கைவிட்டுவிடுங்கள். ஜப்பானின் கென்ஜி மின்மினியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே இனம்தான், ஆனால் மேற்குப் பகுதி ஆண்கள் சுமார் இரண்டு நொடிக்கு ஒருமுறை மின்னும், கிழக்குப் பகுதி ஆண்கள் நான்கு நொடிக்கு ஒருமுறை. ஓரிடத்ததை மற்றோரிடத்தில் விட்டுத் தாளமும் மரபும் கலந்துபோன இடங்கள் உண்டு. அந்த இனத்தின் புழு ஓடும் நீரில் வாழ்ந்து, மழை இரவில் கரையேறி மண்ணில் கூட்டுப்புழுவாகும். கரையைக் கான்கிரீட்டால் பூசினால் நீர் தெளிவாக இருந்தும் அது அழியும். உங்கள் மூலையில் புழு இருக்கிறது, ஆகவே வெளியிலிருந்து எதுவும் தேவையில்லை.

இருட்டுக்கண்:

படம் எடுக்கச் சுருக்கமாக. டிரைபாட் கட்டாயம். வெளிச்சம் இருக்கும்போதே தூரத்து மரத்தில் போகஸ் செய்து, மேனுவலுக்கு மாற்றி, வளையத்தை டேப் போட்டு ஒட்டிவிடுங்கள். அப்பர்ச்சர் எஃப் 2 அல்லது 2.8, ஐஎஸ்ஓ 1600 முதல் 3200, எக்ஸ்போஷர் 15 முதல் 30 நொடி. ஒரே கோணத்தில் அடுத்தடுத்து ஐம்பது, அறுபது படம் எடுத்து, கணினியில் "லைட்டன்" முறையில் (ஒவ்வொரு புள்ளியிலும் மிக வெளிச்சமானதை மட்டும் எடுப்பது) அடுக்குங்கள்; ஒரே படத்தை அரை மணி நேரம் திறந்துவைத்தால் வானம் வெளுத்து மின்னல் காணாமல் போகும். போகஸ் உதவி விளக்கு, பின்திரை, மெமரி கார்டு விளக்கு மூன்றையும் அணையுங்கள் அல்லது கருப்பு டேப் ஒட்டுங்கள். ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம். அடுக்கிய படத்தில் தெரிவது அரை மணி நேரத்து மின்னல்களின் கூட்டு; படத்தோடு அதையும் எழுதிப் போடுங்கள், பார்ப்பவர் ஏமாறாமல் இருப்பார்.

பல்லிப்பெட்டி:

இடையில் ஒரு கேள்வி. பியர்டட் டிராகன் என்ற வளர்ப்புப் பல்லி வைத்திருக்கிறோம். ஜன்னல் வழியே வந்த மின்மினியை அதற்கு இரையாகக் கொடுக்கலாமா? மற்ற பூச்சி எல்லாம் சாப்பிடும்.

நத்தைக்கூடு:

கொடுக்கவே கூடாது. மேலே சொன்ன லூசிபுஃபாஜின், தேரையின் நச்சுக்கு உறவு, இதயத்தைத் தாக்கும். ஒரே ஒரு மின்மினியைத் தின்று பியர்டட் டிராகன் இறந்தது பதிவாகியிருக்கிறது. மின்மினி உள்ள ஊர்களில் வாழும் பல்லிகள் அதைத் துப்பிவிடும். உங்கள் பிராணியின் மூதாதையர் அதைக் கண்டதில்லை, அதனால் விழுங்கிவிடும். ஜன்னலுக்கு வலை போடுங்கள், அதன் கூண்டு விளக்கு இரவில் பூச்சிகளை இழுக்கும். ஏற்கெனவே தின்றிருந்தால், வாயைத் திரும்பத் திரும்பப் பிளப்பது, தலையை உதறுவது, நிறம் கருப்பது தெரிகிறதா என்று காத்திருக்காமல் உடனே ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.